பஞ்சாரத்தில் மூன்று நாள்

காரைக்குடிச் சந்தையில் வாங்கிய நாலு விடைக்கோழிகள்
காலைக் கட்டி, கட்டைப்பையில் தலையை மட்டும் வெளியே விட்டு
புதுவயல் பஸ்ஸில் என் மடியில் வந்தன.
"இதுகளுக்கு யாரு டிக்கெட் எடுப்பா?" என்றார் கண்டக்டர்.
முட்டை விடட்டும், தருகிறேன் என்றேன்.

வீட்டில் ஏற்கெனவே ஆறு.
மூத்தவளுக்கு மேனேஜர் என்று பேர்.
எங்கள் ரைஸ்மில் மேனேஜர் போலவே
கையைப் பின்னால் கட்டிக்கொண்ட நடை.
குருணைத் தட்டை வைத்தால்
அவள் முதல் கொத்து கொத்தும்வரை
மற்ற ஐந்தும் தரையைப் படித்துக்கொண்டிருக்கும்.

மதில்மேல் எட்டிப் பார்த்து நூர்நிஷா சொன்னாள்:
உடனே கலந்துவிடாதே,
வெள்ளைக்கழிச்சல் இருந்தால் மொத்தமும் போய்விடும்.
பத்து நாள் தனியே வை. பீயைப் பார்.
பார்த்தேன்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு குனிந்து எதையும் பார்க்கவில்லை.

அடைக்கலம் வேலைக்குப் போகிற வீடுகளில்
உடைந்து மிஞ்சும் ஆத்தங்குடிக் கற்களைக் கொண்டுவந்து
கூட்டுக்குத் தரை போட்டிருந்தார்.
அரைப் பூ, கால் பூ, ஒரு நீலக் கொடியின் வால்.
அதன் குறுக்கே கம்பிவலை கட்டினேன்.
இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் நாலு,
ஒரே நேரத்தில் இரண்டு தட்டு.
ஒரு பூவின் இந்தப் பாதியில் அவளும்
அந்தப் பாதியில் சின்னதுகளும் நின்று தின்றன.

எட்டாம் ராத்திரி கரண்ட் இல்லை.
செல்போனைப் பல்லில் கவ்விக்கொண்டு
வெளிச்சம் கோணலாய் விழ விழ
ஒவ்வொன்றாய்த் தூக்கி
தூங்குகிறவைகளுக்கு நடுவே கம்பில் வைத்தேன்.
இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது.
திருட்டைத் தலைகீழாகச் செய்கிற மாதிரி ஒரு வேலை:
மூச்சைப் பிடித்துக்கொண்டு, வைத்துவிட்டு வருவது.

விடிந்தது.
மூன்றைக் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள்,
நேற்றும் அங்கேதான் இருந்ததுகள் என்பதுபோல.
நாலாவதை, கழுத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தவளை,
இல்லை.

ஷிப்டு முடிந்து வந்தபோது
சைக்கிளுக்கு அடியில் கிடந்தாள்.
இன்னும் சரியாக முளைக்காத கொண்டை கிழிந்திருந்தது.
மேனேஜர் அலகில் காய்ந்த ரத்தம்,
துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.
மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினேன்.
அடிபட்டவளைத்தான் பிரித்துவைப்பார்கள்.
நான் பஞ்சாரத்தை எடுத்து
மேனேஜர்மேல் கவிழ்த்தேன்.
மேலே அம்மிக்குழவி.

முதல் நாள் பஞ்சாரம் நகர்ந்தது.
இரண்டாம் நாள் கத்தல், மதியத்துக்குமேல் அதுவும் இல்லை.
மூன்றாம் நாள் தண்ணீர் வைக்கக் குனிந்தால்
மூங்கில் இடுக்கில் ஒற்றைக் கண்.
மில்லில் இருக்கிற மேனேஜர்
ஒருநாளும் என்னை இப்படிப் பார்க்கப் போவதில்லை
என்று சிரிக்கப் பார்த்தேன்.
சிரிப்பு வரவில்லை.

திறந்துவிட்டேன்.
சிறகை உதறி, அதே பழைய நடையில்
தட்டை நோக்கிப் போனாள்.
இத்தனை நாளும் ஓரத்தில் தின்ற கறுப்பி
தலையை நிமிர்த்தினாள்.
ஒரே கொத்து.
மேனேஜர் இரண்டடி பின்வாங்கி
ஏதோ தொலைத்ததைத் தேடுவதுபோல்
மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள், வெகுநேரம்.

செய்தது சரிதான் என்கிறாள் நூர்நிஷா.
அடைக்கலம் ஒன்றும் சொல்லவில்லை.
நெருக்கமா இருக்குல்ல என்று
அன்றைக்கே இன்னொரு கம்பு சேர்த்துக் கட்டினார்.

இருபது நாள் ஆயிற்று.
இன்று விடியுமுன் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கம்பின் கடைசியில் மேனேஜர்.
இறக்கையோடு இறக்கை இடிக்க, வெள்ளைப் புள்ளிக்காரி.
சிநேகமா, குளிரா,
வேறெங்கும் இடம் கிடைக்காததா, தெரியவில்லை.

கீழே அரைப் பூவின்மேல் ஒரு முட்டை.
பெரிய நெல்லிக்காய் அளவு, ஓட்டில் ஒரு ரத்தக்கோடு.
அதை முந்தானையில் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன்,
கண்டக்டருக்கு.